மெல்லிய துணியில் ஓரம் மடித்துத் தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷிஃபான் துப்பட்டாவின் ஓரம் சுருங்கிப் போனாலோ அலை அலையாக நெளிந்தாலோ பலரும் தையல் இயந்திரத்தைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால், பெரும்பாலும் துணி ஊசிக்கு அடியில் போவதற்கு முன்பே அந்தத் தவறு நடந்து முடிந்திருக்கும்.

பருத்தித் துணி தைத்த 16 ஆம் எண் ஊசியையே கழற்றாமல் ஜார்ஜெட்டிலும் ஓட்டுவது இவற்றில் முதன்மையானது. தடித்த ஊசியோ முனை மழுங்கிய ஊசியோ இழைகளுக்கு இடையே நுழையாமல் அவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தையலுக்குக் குறுக்கே ஓர் இழை மட்டும் கம்பிபோல் இறுகி மின்னினால், அது இதன் அடையாளம். 9 அல்லது 11 ஆம் எண்ணில் புதிய ஊசி, மெல்லிய நூல், ஏறத்தாழ 2 மி.மீ. தையல் நீளம் ஆகியவை போதும். நூலின் இறுக்கத்தை அதே துணியின் வெட்டுத்துண்டில் தைத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்த தவறு, வழுக்கும் துணியின் ஓரத்தை விரலாலேயே இரண்டு முறை மடித்துக்கொண்டு நேராகத் தைக்க முயல்வது. பழகிய கைக்கே அது பாதி வழியில் அவிழ்ந்துவிடும். நான் மூன்று தையலாகவே போடுகிறேன். வெட்டிய விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே முதல் தையலை ஓட்டி, அந்தக் கோட்டிலேயே துணியை உள்பக்கம் மடித்து, மிதமான சூட்டில் தேய்த்து, மடிப்பின் விளிம்பை ஒட்டி இரண்டாம் தையலைப் போட்டபின், மிஞ்சி நிற்கும் துணியைத் தையலுக்கு மிக அருகில் கத்தரித்துவிட்டு, மீண்டும் ஒருமுறை மடித்து மூன்றாம் தையலைப் போட வேண்டும். வெளிப்பக்கம் ஒரே வரிதான் தெரியும். கத்தரிக்கும் இடம்தான் ஆபத்தானது: கூரான சிறு கத்தரிக்கோலைத் துணியோடு படுக்கவைத்து, அடியில் இருக்கும் துணியை இடக்கையால் விலக்கியபடி, சிறிது சிறிதாகவே வெட்ட வேண்டும். அங்கே ஒரு துளை விழுந்தால் மறைக்க வழியே இல்லை.

துணியின் நுனியிலேயே தொடங்கினால், துணியை நகர்த்தும் அடிப்பற்கள் அதை ஊசித் தட்டின் துளைக்குள் இழுத்துத் திணித்துவிடும். அடியில் மெல்லிய தாள் ஒன்றை வைத்து, மேல்நூல், அடியில் இருந்து வரும் பாபின் நூல் இரண்டின் நுனிகளையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, முதல் சில தையல்களைச் சக்கரத்தைக் கையால் சுற்றியே போடுங்கள். பின்னோக்கித் தைத்து முடிச்சுப் போடும் வழக்கம் இங்கே கட்டியாகத் தெரியும். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுவதே நல்லது.

கிராஸாக, அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வெட்டிய துணியில் கை இழுத்த இழுப்பெல்லாம் ஓரத்தில் தெரியும் என்பதால், முன்னும் பின்னும் தாங்கிப் பிடிக்கலாமே தவிர இழுக்கக் கூடாது. அம்ப்ரெல்லா கட் பாவாடையை வெட்டிய அன்றே ஓரம் மடிப்பதும் தவறுதான். இடுப்புப் பக்கத்தை மாட்டி ஓர் இரவு தொங்கவிட்டால், கிராஸ் வரும் இடங்கள் தம் எடைக்கு ஏற்ப இறங்கிவிடும்; அதன்பின் தரையிலிருந்து அளந்து சமப்படுத்தலாம்.

தைத்து முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை ஓரத்தின் நெடுகிலும் தள்ளிக்கொண்டே போகாமல், ஒரு மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து, வைத்து வைத்து எடுக்க வேண்டும்.