ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசும் முறை

தமிழில் இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது பண்பைக் குறிக்கும் சொல் மாறுவதில்லை. ‘விட’ என்னும் சொல்லே அந்த வேலை முழுவதையும் செய்துவிடுகிறது. ‘ஆனைமுடி உயரமானது’ என்று தனியாகச் சொன்னாலும், ‘தொட்டபெட்டாவை விட ஆனைமுடி உயரமானது’ என்று ஒப்பிட்டுச் சொன்னாலும் ‘உயரமானது’ என்பது அப்படியேதான் நிற்கிறது. ஆங்கிலத்திலோ இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டும். ‘ஹை’ என்பது ‘ஹையர்’ ஆக வேண்டும். எதனோடு ஒப்பிடுகிறோமோ அதற்கு முன்னால் ‘தேன்’ வர வேண்டும். ஆகவே ‘ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா’ என்பதே சரியான வாக்கியம். ‘விட’ என்பதற்கு ஈடாகத் ‘தேன்’ வந்துவிட்டது என்ற நிறைவில் முதல் மாற்றத்தை மறந்துவிடுவதால்தான் ‘திஸ் இஸ் குட் தேன் தட்’ போன்ற பிழைகள் நம்மிடையே இவ்வளவு பரவலாக உள்ளன. சொல்வரிசையும் தலைகீழாகிறது: தமிழில் முதலில் வந்த தொட்டபெட்டா ஆங்கிலத்தில் கடைசிக்குப் போய்விடுகிறது. எனவே எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

வடிவ மாற்றத்துக்கான விதிகளைப் பள்ளியிலேயே படித்திருப்போம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘டால்’, ‘சீப்’, ‘ஓல்ட்’ போன்ற ஓரசைச் சொற்கள் ‘டாலர்’, ‘சீப்பர்’, ‘ஓல்டர்’ என ஆகின்றன. ‘ஈஸி’, ‘ஹெவி’, ‘பிஸி’ போன்றவை ‘ஈஸியர்’, ‘ஹெவியர்’, ‘பிஸியர்’ என ஆகின்றன. ‘எக்ஸ்பென்சிவ்’, ‘டிஃபிகல்ட்’, ‘கம்ஃபர்டபிள்’ போன்ற நீண்ட சொற்களை மாற்றாமல் முன்னால் ‘மோர்’ சேர்க்கிறோம். ‘குட்’ என்பது ‘பெட்டர்’ ஆவதும் ‘பேட்’ என்பது ‘வொர்ஸ்’ ஆவதும் விதிக்கு அடங்காதவை. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. எழுதும்போது ‘பிக்’, ‘ஹாட்’ ஆகிய சொற்களின் கடைசி எழுத்து இரட்டிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

‘மோர்’ என்பதும் இந்த ‘அர்’ ஒலியும் ஒரே வேலையைச் செய்பவை. ஒன்று வந்த இடத்தில் மற்றொன்றுக்கு வேலையில்லை என்பதால் ‘மோர் பெட்டர்’, ‘மோர் சீப்பர்’ ஆகியவை தவறு. அழுத்தம் கொடுக்க விரும்பினால் ‘மச் பெட்டர்’ அல்லது ‘எ லாட் சீப்பர்’ என்று சொல்லலாம். ‘மிகவும்’ என்றாலே நமக்கு ‘வெரி’தான் நாவில் வருகிறது, ஆனால் ஒப்பீட்டு வடிவத்துக்கு முன் ‘வெரி’ வராது. வேறுபாடு சிறியதாக இருந்தால் ‘எ பிட்’ அல்லது ‘எ லிட்டில்’ போதும். அளவு துல்லியமாகத் தெரிந்தால் அதையே முன்னால் வைத்துவிடலாம். ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்பதால், ‘ஆனைமுடி இஸ் ஃபிஃப்டி எய்ட் மீட்டர்ஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா’ என்று சொன்னால் வாக்கியம் கச்சிதமாக அமையும்.

அன்றாடப் பேச்சில் ‘தேன்’ வராத ஒப்பீடுகளே மிகுதி என்பதைப் பாடநூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை. துணிக்கடையில் ‘இதைவிடக் கொஞ்சம் சின்ன சைஸ் இருக்கிறதா?’ என்று கேட்க ‘டூ யூ ஹாவ் எ ஸ்மாலர் சைஸ்?’ என்றாலே போதும். எதைவிடச் சிறியது என்பது கையில் பிடித்திருக்கும் சட்டையைப் பார்த்தாலே விளங்கிவிடும். ‘கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்’ என்று தமிழில் சொல்லும்போது ஒப்பீடு இருப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் அது ‘குட் யூ ஸ்பீக் எ பிட் லவுடர்?’ என்று ஆகிறது. காய்ச்சல் தணிந்தவர் ‘இப்போது பரவாயில்லை’ என்பதற்கு ‘ஐ ஆம் ஃபீலிங் பெட்டர் நவ்’ என்கிறார். முன்பிருந்த நிலையோடு, அல்லது கண்ணெதிரே உள்ள பொருளோடு மனத்துக்குள் ஒப்பிட்டாலே ஆங்கிலம் இந்த வடிவத்தைக் கேட்கிறது. தமிழில் ‘இன்னும்’, ‘இன்னும் கொஞ்சம்’, ‘முன்பைவிட’ என்று சொல்லத் தோன்றும் இடங்களைக் கவனித்துவந்தால் இது எளிதில் பிடிபடும். ‘வெயில் வர வர அதிகமாகிறது’ என்பது ‘இட் இஸ் கெட்டிங் ஹாட்டர் அண்ட் ஹாட்டர்’ ஆகும். ‘பழகப் பழக எளிதாகும்’ என்னும் அடுக்குத் தொடருக்கும் ஈடான அமைப்பு ஆங்கிலத்தில் உண்டு: ‘தி மோர் யூ பிராக்டிஸ், தி ஈஸியர் இட் கெட்ஸ்.’ இரு பகுதிகளிலும் ‘தி’ வருவதைக் கவனிக்க வேண்டும்.

குறைவைச் சொல்ல ‘லெஸ்’ இருக்கிறது. என்றாலும், ‘பஸ் ரயிலைவிடச் சௌகரியக் குறைவு’ என்ற பொருளில் ‘லெஸ் கம்ஃபர்டபிள்’ என்பதைவிட ‘தி பஸ் இஸ் நாட் ஆஸ் கம்ஃபர்டபிள் ஆஸ் தி டிரெயின்’ என்பதே பேச்சில் இயல்பாக ஒலிக்கிறது. ‘லெஸ் டால்’, ‘லெஸ் பிக்’ என்று குட்டைச் சொற்களோடு சேர்த்தால் செயற்கையாகவே இருக்கும்; அங்கே ‘ஷார்ட்டர்’, ‘ஸ்மாலர்’ என்று எதிர்ச்சொல்லைப் பயன்படுத்தலாம். பள்ளித் தேர்வுக்காக நாம் மாற்றி மாற்றி எழுதிப் பழகிய ‘நோ அதர்’, ‘வெரி ஃபியூ’ வகை வாக்கியங்கள் மதிப்பெண் பெற்றுத் தந்திருக்கலாம். பேச்சுக்கு அவை அவ்வளவாக உதவுவதில்லை என்பது என் கருத்து. அந்தப் பயிற்சியில் உருப்படியாக எடுத்துக்கொள்ளத் தக்கது ‘எனி அதர்’ என்னும் தொடர். ‘கோதாவரி இஸ் லாங்கர் தேன் எனி அதர் ரிவர் இன் சவுத் இந்தியா’ என்பதில் ‘அதர்’ என்பதை விட்டுவிட்டால், கோதாவரியும் தென்னிந்திய ஆறுதானே, அது தன்னைவிடவே நீளமானது என்றாகிவிடும்.

சில சொற்களுக்குப் பின் ‘தேன்’ வருவதில்லை. அலுவலகத்தில் ‘அவர் எனக்கு சீனியர்’ என்பதை ‘ஹி இஸ் சீனியர் டு மீ’ என்றே சொல்ல வேண்டும். ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவற்றுக்கும் ‘டு’தான். ‘ஐ ப்ரிஃபர் காபி டு டீ’ என்பதிலும் அப்படியே. அண்ணனைக் குறிக்க ‘மை எல்டர் பிரதர்’ என்பது சரி. ஆனால் வயதை ஒப்பிடும்போது ‘எல்டர் தேன்’ என்று சொல்லாமல் ‘ஹி இஸ் டூ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ’ என்று சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்தின் கடைசியில் ‘ஐ’ வர வேண்டும் என்று இலக்கணம் பேசுவோர் உண்டு. ‘தேன் ஐ ஆம்’ என்று முழுமையாகச் சொன்னால் அவர்களுக்கும் குறையிராது. நண்பரிடம் பேசும்போது ‘தேன் மீ’ தாராளமாகப் போதும்.