பழைய ராணுவ ரைபிளா? முதலில் தோட்டா அறையைப் பாருங்கள்

ராயபுரத்தில் ஒரு வீட்டில் போன மாதம் இஷாப்பூரில் செய்த பழைய .303 (குழலின் அளவு, அங்குலத்தில்) ரைபிளைக் காட்டினார்கள். "சுடாதுங்க, ஷோகேஸில் வைக்கத்தான்" என்றார் விற்பவர். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை இழுத்துப் பார்த்தேன். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியின் முனை மட்டும் அறுபட்டிருந்தது. குழலுக்குள் டார்ச் அடித்தால், குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆசைதான், ஆனாலும் அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆயுதச் சட்டம் 1959-இன் 45ஆவது பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். ஊசியைப் புதிதாக மாற்றினால் சுடும் என்றால், அது இன்னும் துப்பாக்கியே. அதிலும் .303 தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸ் இருந்தாலும் வாங்க முடியாது.

சுட முடியாதபடி ஒழுங்காக முடக்கிய துப்பாக்கியில் தோட்டா அறை அடைபட்டிருக்கும், குழல் துளைக்கப்பட்டோ வெல்டிங் வைக்கப்பட்டோ இருக்கும், போல்ட்டின் முகமும் வெட்டப்பட்டிருக்கும். 'டி.பி.' (டிரில் பர்ப்பஸ்) முத்திரை பயிற்சித் துப்பாக்கி என்பதைத்தான் சொல்லும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

அப்புறம் காகிதம். முடக்கியதற்கான சான்றும் தொடர் எண்ணும் பொருந்துகிறதா பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே சென்னையில் என்றால் வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில், இதை வாங்கலாமா என்று எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். பதில் கைக்கு வரும்வரை, பொருள் விற்பவர் வீட்டிலேயே இருக்கட்டும்.