பச்சை மாறட்டும், அப்புறம் பால்

குடல் ஆபரேஷன் முடிந்த பச்சிளங்குழந்தைக்கு எத்தனையாம் நாள் பால் ஆரம்பிக்கலாம் என்று வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸுகள் எல்லோரும் கேட்பார்கள். நாளைக் கேட்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். முடிவு சர்ஜனுடையது. ஆனால் அவர் முடிவெடுப்பது நீங்கள் சார்ட்டில் எழுதியதை வைத்து.

முதலில் வயிற்று டியூப், அதாவது இரைப்பையில் தேங்குவதை வெளியே எடுக்கப் போட்ட குழாய். அதில் பச்சையாக வந்தால் பித்தநீர் கீழே இறங்காமல் மேலே திரும்புகிறது என்று அர்த்தம். கரும்பச்சை வெளுத்து, மஞ்சளாகி, எச்சில் மாதிரி தெளிய வேண்டும். அளவும் ஷிப்டுக்கு ஷிப்ட் குறைய வேண்டும். காமாலைக்குப் போட்ட நீல விளக்கின் அடியில் நிறம் ஏமாற்றும். வெள்ளைக் காஸ் துணியில் இரண்டு சொட்டு விட்டு, விளக்கை விட்டுத் தள்ளி வந்து பாருங்கள். திடீரென்று ஒன்றுமே வரவில்லையா? சந்தோஷப்படுவதற்கு முன்னால் டியூப் அடைத்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வயிறு. கையைச் சூடு பண்ணிக்கொண்டு மெதுவாக வையுங்கள். மெத்தென்று இருக்க வேண்டும், குழந்தை முகம் சுளிக்கக் கூடாது. குடல் சத்தம் கேட்டது என்பதை மட்டும் நம்பி, பால் ஆரம்பிக்கலாமா என்று நான் யாரிடமும் போய் நின்றதில்லை.

மலம் போனால் நல்ல செய்திதான். ஆனாலும் குடலில் போட்ட தையலுக்குக் கீழே ஏற்கெனவே தங்கியிருந்த சளிகூட அப்படி வெளியே வரலாம். அதனால் மூன்றையும் சேர்த்தே பாருங்கள்.

முன்சிறுகுடல் அடைப்போடு பிறந்த ஒரு குழந்தைக்கு 16 நாள் பச்சை நிற்கவில்லை. அடைப்புக்கு மேலே குடல் பலூன் மாதிரி வீங்கியிருந்தால் அது தள்ளப் பழகுவதற்கு நாளாகும். அந்த அம்மா 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் பீய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பார், நாங்கள் ஃப்ரீசரில் வைப்போம். வயிற்றுச் சுவருக்கு வெளியே குடலோடு பிறந்த குழந்தைகளுக்கும் வாரக்கணக்கில் ஆகும். குடல் அழுகி வெட்டியெடுத்திருந்தால் சர்ஜன் இன்னும் நிதானமாகப் போவார்.

அதற்காகத் தேவையில்லாமல் தள்ளிப்போடவும் கூடாது. நரம்பு வழியாகவே சத்து ஏற்றிக்கொண்டிருந்தால் ஈரலில் பித்தம் தேங்கும், லைனில் கிருமி தொற்றும்.

சரி, ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். வழக்கமாகக் கிலோவுக்கு ஒரு நாளில் 10 முதல் 20 மி.லி. வரை, தாய்ப்பாலாக. 2 கிலோ குழந்தைக்கு 10 மி.லி. கணக்கில் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை 2.5 மி.லி. வரும். சிரிஞ்சை அழுத்தாதீர்கள், பிஸ்டனை எடுத்துவிட்டுத் தூக்கிப் பிடித்தால் பால் தானாக இறங்கும். அந்த அம்மா 17ஆம் நாள் பக்கத்தில் நின்று, அது இறங்கி முடியும்வரை மூச்சுவிடாமல் பார்த்தார். ஒத்துக்கொண்டால் தினமும் கிலோவுக்கு ஏறக்குறைய 20 மி.லி. கூட்டுவார்கள்.

பச்சை வாந்தி, இறுகிய வயிறு, மலத்தில் ரத்தம் – இதில் ஒன்று தெரிந்தாலும் பாலை நிறுத்திவிட்டு உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள். ராத்திரி 2 மணி ஆனாலும் தயங்காதீர்கள்.

வயிற்றில் ஸ்டோமா (குடலை வெளியே திறந்துவிட்ட வாய்) வைத்திருந்தால் பையில் சேருவதை அளந்து எழுதுங்கள். கிலோவுக்கு ஒரு நாளில் 30 மி.லி.யைத் தாண்டினால் பாலைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரோடு உப்பும் போகிறது. உப்பு குறைந்தால் எவ்வளவு பால் கொடுத்தாலும் எடை ஏறாது.