வாசலிலேயே கோட்டை விடாதீர்கள்: தீம் பார்க் நுழைவாயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தீம் பார்க்கின் வாசலில், உள்ளே போகாமல், ஓரமாக ஒரு மணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணவன், மனைவி, ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை என்று ஒரு குடும்பம் வந்தது. அப்பா கையில் ஃபோன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, ஸ்கேனரும் கியூஆர் கோடைப் படிக்க மறுக்கிறது. "பிரைட்னஸைக் கூட்டுங்க" என்கிறார் அம்மா. "கொஞ்சம் கீழே பிடிங்க சார்" என்கிறார் ஊழியர். பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, பச்சை விளக்கு எரிந்து மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அவர்கள் தலைக்கு மேலே பெரிய அலங்கார வளைவு. சிற்பம், கொடி, வண்ணம் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள். மூவரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா கைப்பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனதில் பதற்றம் இருக்கும்வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. வந்தவரின் சின்னச் சின்னக் கவலைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதுதான் நுழைவாயிலின் முதல் வேலை. மலைக்க வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம். இந்த வரிசையை மாற்றிப் போடுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளம்புகின்றன.

வாசல் எங்கே தொடங்குகிறது?

நுழைவாயில் என்றதும் வளைவையும் டிக்கெட் கவுன்ட்டரையும் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். வருகிறவருக்கோ, பெரிய சாலையிலிருந்து வண்டி திரும்பும் இடத்திலேயே பார்க் தொடங்கிவிடுகிறது. எங்கே நிறுத்துவது, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எந்தப் பக்கம் போவது, ராத்திரி திரும்பும்போது வண்டியைக் கண்டுபிடிக்க முடியுமா என்று வரிசையாகக் கேள்விகள். பல இடங்களில் பார்க்கிங்கிலிருந்து வாசலுக்குப் போகும் பாதை ஜெனரேட்டர் அறையையும் குப்பைத் தொட்டிகளையும் ரைடுகளின் முதுகுப்புறத்தையும் ஒட்டிப் போகிறது. உள்ளே அரண்மனை கட்டியிருப்பார்கள், வழியெல்லாம் தகரத் தடுப்பு. தகரத்தைப் பார்த்துவிட்டு வந்த கண், அரண்மனையிலும் பெயின்ட் உரிந்த இடத்தைத்தான் முதலில் தேடும்.

புளோரிடாவில் 1971-ல் திறந்த டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க் இந்த விஷயத்தை வேறு மாதிரி யோசித்தது. வண்டி நிறுத்துவது, டிக்கெட் வாங்குவது இரண்டையும் ஒரு ஏரியின் இந்தக் கரையிலேயே முடிக்க வைத்தார்கள். பார்க் இருப்பது அந்தக் கரையில். படகிலோ மோனோரயிலிலோதான் போக வேண்டும். தண்ணீருக்கு அப்பால் சுமார் 58 மீட்டர் உயரக் கோட்டை சின்னதாகத் தெரியும், நெருங்க நெருங்கப் பெரிதாகும். படகில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. கவலை கரைவதற்கு அதுதான் வேண்டும். (ராத்திரி களைத்துப்போய்த் திரும்பும்போது அதே படகுக்காக நிற்பது கஷ்டம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஏரி எல்லோரிடமும் இருக்காது. ஆனால் பார்க்கிங்குக்கும் வாசலுக்கும் நடுவில் நிழலாக நூறு மீட்டர் மரப்பாதை ஒன்றை யாராலும் போட முடியும்.

வரிசையில்தான் முதல் தீர்ப்பு

மற்ற எதையும்விட இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வாசல் வரிசை என்பது, பார்க் இன்னும் எந்தச் சந்தோஷத்தையும் கொடுக்காத நேரத்தில் வருகிற காத்திருப்பு. ரைடு வரிசையில் அரை மணி நேரம் நிற்கிறவர்கூட இங்கே ஐந்து நிமிடத்தில் பொறுமை இழப்பார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தெரியும். காரணம் தெரியாவிட்டால் இன்னும் நீளும். நமக்குப் பின்னால் வந்தவர் பக்கத்து வரிசையில் முந்திப் போய்விட்டால் சொல்லவே வேண்டாம். பல வரிசைகளைத் தனித்தனியாக விடும் பார்க்குகளில் இதைத் தினமும் பார்க்கலாம். குடும்பத்தில் ஆளுக்கொரு வரிசையில் நின்றுகொண்டு, எது வேகமாக நகர்கிறது என்று கண்ணால் பேசிக்கொள்வார்கள். இடம் இருந்தால் ஒரே வளைந்த வரிசையாக விட்டு, கடைசியில் கவுன்ட்டர்களுக்குப் பிரிப்பது நல்லது. வரிசை நீளமாகத்தான் தெரியும். ஆனால் யாரும் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொரு தவறு, சிக்கலான டிக்கெட்டையும் சாதாரண டிக்கெட்டையும் ஒரே இடத்தில் தீர்ப்பது. ஒருவருடைய கோடு வேலை செய்யவில்லை, இன்னொருவர் தேதி மாற்றிப் பதிவு செய்துவிட்டார், மூன்றாமவர் குழந்தையின் உயரத்தைப் பற்றி வாதாடுகிறார் என்றால், அவர்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். இதற்குத் தீர்வு பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. கையில் ஒரு டேப்லெட்டோடு வரிசைக்கு வெளியே நிற்கும் ஒரே ஒரு ஊழியர் போதும். "நீங்க இப்படி வாங்க, நான் பார்க்கிறேன்" என்று அந்தக் குடும்பத்தைப் பக்கவாட்டில் நிழலுக்கு அழைத்துப் போனால் வரிசையும் நகரும், அவர்களுடைய மானமும் காப்பாற்றப்படும். நான் பார்த்த அந்த அப்பாவுக்கு நிழல் தருகிற ஒரு சின்னக் கூரை ஸ்கேனருக்கு மேலே இருந்திருந்தால், அந்த அரை நிமிடமே தேவைப்பட்டிருக்காது.

பை சோதனையிலும் இதே மானப் பிரச்சினைதான். சோதனை தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பாட்டியின் பையைத் திறந்து, மாத்திரைப் பட்டையையும் மாற்றுத் துணியையும் எல்லோர் முன்னாலும் மேஜையில் பரப்பிவிட்டு, உள்ளே போய் அவரைச் சிரிக்கச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்? சோதனை மேஜைக்கு ஒரு மறைப்பு வேண்டும். பொருட்களைத் திரும்ப எடுத்து வைக்கப் பக்கத்தில் இன்னொரு மேஜை வேண்டும். பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டாவது மேஜை இல்லை. மக்கள் நடந்துகொண்டே பையை அடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

அப்புறம் அந்தப் பலகைகள். வெளி உணவு கூடாது, திரும்ப நுழைய அனுமதி இல்லை, பணம் திருப்பித் தரப்படமாட்டாது, பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. விதிகள் இருக்கட்டும். ஆனால் வந்தவர் படிக்கும் முதல் பத்து வரியும் "கூடாது" என்றே முடிந்தால் அது வரவேற்பு ஆகாது. அவருக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியது மூன்றே மூன்று: கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, எந்த வாசலில் நிற்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய் சொன்ன பாடம்

1955 ஜூலை 17, கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்த நாள். இன்று வாசல் வடிவமைப்புக்கு எல்லோரும் உதாரணம் காட்டும் அதே இடம்தான். அன்று கொளுத்தும் வெயில். போலி டிக்கெட்டோடு ஏராளமானவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹீல்ஸ் செருப்புகள் புதைந்தன. பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் குடிதண்ணீர்க் குழாய்கள், கழிப்பறைகள் இரண்டில் ஒன்றைத்தான் சமயத்துக்கு முடிக்க முடியும் என்ற நிலை. வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். சரியான முடிவுதான். ஆனால் வந்தவர்களில் பலர், குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீர் வைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

நிர்வாகத்தின் கஷ்டம் வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது. ஒன்று இல்லாவிட்டால், உள்நோக்கத்தோடு வைக்காமல் விட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். ஒரு கவுன்ட்டர் மூடியிருந்தால், பெஞ்சு இல்லாவிட்டால், விசிறி ஓடாவிட்டால், "காசு வாங்கிட்டாங்கல்ல, இனி நம்மை யார் கவனிப்பா?" என்றுதான் மனது சொல்லும்.

கட்டியவர்களே திருத்திக்கொண்ட இரண்டு வாசல்கள்

அதே டிஸ்னிலேண்டில் வாசலைக் கடந்ததும் கோட்டை தெரியாது. மண்மேடும் அதன் மேல் ஒரு ரயில் நிலையமும் மறைத்து நிற்கும். ரயில் பாதைக்கு அடியில் இருக்கும் சின்னச் சுரங்க வழியாகப் போனால்தான் மெயின் ஸ்ட்ரீட் என்ற பழைய காலத் தெரு திறக்கும், அதன் கோடியில் கோட்டை. தெருவின் கட்டடங்களில் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டியிருக்கிறார்கள். அதனால் உயரமாகவும் அதே சமயம் மிரட்டாமலும் தெரியும். கோட்டையும் சுமார் 23 மீட்டர்தான், கற்கள் மேலே போகப் போகச் சிறுத்து உயரத்தைக் கூட்டிக் காட்டும். மறைத்து, குறுக்கி, பிறகு திறப்பது. பழைய கோயில்களில் கோபுர வாசலின் இருட்டைத் தாண்டிப் பிரகாரத்தில் கால் வைக்கும்போது வரும் உணர்வும் இதுதான்.

இதன் எதிரிலேயே 2001-ல் அதே நிறுவனம் கலிஃபோர்னியா அட்வென்ச்சர் என்ற இரண்டாவது பார்க்கைத் திறந்தது. வாசலில் ஆள் உயரத்தைத் தாண்டிய எழுத்துகளில் கலிஃபோர்னியா என்ற பெயர், இருபுறமும் மொசைக் சுவர், பின்னால் கோல்டன் கேட் பாலத்தின் மாதிரி. தூரத்தில் நின்று பார்த்தால் மொத்தமும் ஒரு தபால் அட்டை போல இருக்கும். தவறு அங்கேதான். தபால் அட்டையை வெளியே நின்றுதான் பார்க்க முடியும், அதற்குள் நடந்து போக முடியாது. உள்ளே காலடி வைத்தவருக்கு எந்த ஊருக்குள்ளும் வந்துவிட்ட உணர்வு கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு பார்க் இருப்பதே கலிஃபோர்னியாவில். கடைசியில் அந்த வாசலையே எடுத்துவிட்டு, 2012 ஜூனில் ப்யூனா விஸ்டா ஸ்ட்ரீட் என்ற தெருவைக் கட்டினார்கள். வால்ட் டிஸ்னி 1923-ல் வந்து இறங்கிய காலத்து லாஸ் ஏஞ்சலஸ் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை அது. பல வருடம் டிராம் ஓடியது, நடைபாதை இருக்கிறது, நடுவில் நீரூற்று. பெயர்ப் பலகை போய் ஒரு இடம் வந்தது.

திருத்திய இரண்டாவது வாசல், புளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பார்க்குடையது. 1982-ல் திறந்தபோது வாசலைத் தாண்டியதும் ஒரு நீரூற்றோடு திறந்த வெளி, அதன் முடிவில் 55 மீட்டர் உயர வெள்ளிக் கோளம், அவ்வளவுதான். புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தின்போது அந்த வெளியில் பெரிய கிரானைட் பலகைகளை நட்டு, பார்வையாளர்களின் முகங்களை உலோகத் தகடுகளில் பதித்து ஒட்டினார்கள். முகம் பதிக்கப் பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் அது அருமையான நினைவு, மறுக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கோளத்தை மறைக்கும் கல் வரிசை. கல்லறைத் தோட்டம் போலிருக்கிறது என்று பலர் சொன்னார்கள். சுமார் 20 வருடம் கழித்து, 2019-ல் அவற்றை எடுக்கத் தொடங்கி, தகடுகளை வாசலுக்கு வெளியே மாற்றிவிட்டு, பழைய நீரூற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாசலில் காலி இடத்தைப் பார்த்ததும் எதையாவது வைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். அந்தக் காலி இடமும் ஒரு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்காக எல்லோரும் ஒரு தெருவும் கோடியில் கோட்டையும் கட்டக் கிளம்பிவிட வேண்டாம். அது பெரிய தவறு. டோக்கியோவில் 1983-ல் திறந்த டிஸ்னிலேண்டைக் கட்டும்போது மழையை நினைத்து அந்தத் தெருவுக்கே கண்ணாடிக் கூரை போட்டார்கள். பாரிஸ் டிஸ்னி பார்க்கில் 1992-ல் தெருவின் இருபுறமும் மூடிய நடைவழிகள் அமைத்தார்கள். நெதர்லாந்தின் எஃப்டெலிங் என்ற பார்க்கின் வாசலில் கூர்கூராக எழும்பி நிற்கும் பிரம்மாண்டமான நாணல் கூரை, பார்த்த உடனே தேவதைக் கதை. சிட்னியின் லூனா பார்க்கில் 1935 முதல் சிரிக்கும் ஒரு ராட்சத முகத்தின் வாய் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். சொந்த வானிலை, சொந்தக் கதை இரண்டையும் கேட்காமல் அடுத்தவர் வாசலை நகலெடுத்தால் அது கல்யாண மண்டப செட் போலத்தான் நிற்கும்.

வந்ததும் விற்காதீர்கள்

கடை வடிவமைப்பவர்கள் நெடுங்காலமாகக் கவனித்த ஒரு விஷயம், கதவைத் தாண்டிய முதல் சில அடிகளில் வைக்கும் பொருளை யாரும் பார்ப்பதில்லை. கண்ணும் காலும் புது இடத்துக்குப் பழகிக்கொண்டிருக்கும். பார்க்கிலோ அங்கேதான் ஃபோட்டோக்காரர், லாக்கர் வாடகை, வரிசையைத் தாண்டிப் போகும் பாஸ் எல்லாம் சூழ்ந்துகொள்கின்றன. இப்போதுதான் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தவரிடம் மறுபடியும் கை நீட்டினால் அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், நாள் முழுக்க. லாக்கர் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி இருக்கட்டும், தேவைப்படுகிறவர் போவார். பொம்மைக் கடைக்கு நேரம் சாயங்காலம், வெளியேறும்போது.

காலையில் வருகிறவர்கள் இரண்டு வகை. பெரிய ரைடை நோக்கி ஓடுகிறவர்கள், மெதுவாக வேடிக்கை பார்த்து வருகிறவர்கள். புளோரிடாவில் டிஸ்னியின் அனிமல் கிங்டம் பார்க்கில், 1998-ல் திறந்தபோதே, வாசலுக்கு அடுத்து அடர்ந்த செடிகளும் வளைந்த பாதைகளும்தான். பார்க்கின் சின்னமான 44 மீட்டர் உயரச் செயற்கை மரம் அதைத் தாண்டிய பிறகே தெரியும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆனால் ஓடுகிறவர்கள் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள். அதனால் நடுவில் அகலமான நேர்வழி, ஓரத்தில் நிற்பதற்கு ஒதுக்கிடங்கள் என்று இரண்டும் வேண்டும். முக்கியமாக, படம் எடுக்கிற இடம் ஓடுகிறவர்களின் வழியில் இருக்கக் கூடாது.

வாசலைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு தள்ளுவண்டியும் கனமான பையும் எடுத்துக்கொண்டு பார்க்கிங்கிலிருந்து நடந்து வாருங்கள், ஸ்கேனர் அருகே வந்ததும் முட்டி போடுங்கள். அன்றைக்கு நானும் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்து, அந்தக் குழந்தை நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். இரும்புக் கம்பிகள், பெல்ட்டுகள், தொங்கும் பைகள், ஒரு குப்பைத் தொட்டியின் மூடி. வளைவு தெரியவே இல்லை.