எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்க்காதீர்கள்

இரண்டு வருடமாக தினமும் காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்து வந்தேன். ஒரு நாள் ஐஸ் தண்ணீர் பட்டதும் முன்பற்கள் சுள்ளென்று கூசின. கண்ணாடியில் பார்த்தால் பல்லின் நுனி வெண்மை போய், வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி மெலிந்திருந்தது. பல் டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன குடிக்கிறீங்க?" என்றுதான். அமிலத்தில் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, கரைந்திருக்கிறது. போன எனாமல் மறுபடி வளராது. இருப்பதைக் காப்பாற்ற நான் செய்வது இதுதான்.

1. ஒரு நாளில் குடிப்பதை எல்லாம் எழுதுங்கள். புளிப்பை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் பிஎச் சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் தாதுக்களை இழக்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாறும் கோலாவும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்பவை. சர்க்கரை இல்லாத கோலாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். மோரும் புளிப்புதான், ஆனால் அதில் கால்சியம் இருப்பதால் பயம் வேண்டாம்.

2. மடக்கு மடக்காக ஒரு மணி நேரம் குடிக்காதீர்கள். ஒவ்வொரு மடக்கும் பல்லை மறுபடி அமிலத்தில் நனைக்கும். சாப்பாட்டோடு சேர்த்துச் சீக்கிரம் குடித்து முடியுங்கள்.

3. உடனே வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள்.

4. நான் தவறியது இங்கேதான். குடித்த கையோடு, வாய் சுத்தமாகட்டும் என்று அழுத்தித் தேய்ப்பேன். அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு கொஞ்ச நேரம் இளகி இருக்கும். அப்போது பிரஷ் போட்டால் அந்த இளகிய படலமே தேய்ந்து போய்விடும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதை ஓரளவு மறுபடி கெட்டிப்படுத்தும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். நான் ஒரு மணி நேரம் விடுகிறேன். இதைவிடச் சுலபமான வழி, எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு அப்புறம் எலுமிச்சை குடிப்பது.

பிரஷ் 'சாஃப்ட்' மட்டும்தான். பேஸ்டில் ஃபுளோரைடு கட்டாயம் வேண்டும்; அட்டையில் 1000 முதல் 1500 பிபிஎம் வரை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கரித்தூள் பேஸ்ட் சொரசொரப்பாக இருப்பதால் அதை அடியோடு விட்டுவிட்டேன்.

பின்சேர்க்கை: தேன் கலந்தால் சரியாகிவிடுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆகாது. புளிப்பு நாக்குக்குத்தான் மறைகிறது. அமிலம் அப்படியே இருக்கும், கூடவே சர்க்கரையும் சேரும். இரவில் படுக்கும் முன் குடிப்பவர்கள் அதை முதலில் நிறுத்துங்கள். தூக்கத்தில் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவ வாயில் ஒன்றும் இருக்காது.