புயலிரவுக்கு ஒரு படிக்கட்டு விளக்கு: அகச்சிவப்பு எல்.இ.டி கொண்டு செய்யும் முறை

மொரிசியசில் நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை புயல் பருவம். புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். காற்று வலுத்தால் மின்சாரமும் போய்விடுகிறது. அத்தகைய இரவில், மாடிப்படியில் யாரேனும் கால் வைத்ததும் தானே எரிந்து, சற்று நேரத்தில் தானே அணையும் சிறு விளக்கொன்றைப் பவர் பேங்கில் இயங்குமாறு நாமே அமைத்துக்கொள்ளலாம். படியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரொன்று ஓடும்; கால் அதை மறைத்ததும் விளக்கு எரியும். வேலை முழுவதும் 5 வோல்ட்டில் முடிவதால், சுவர்ச் செருகியில் உள்ள 230 வோல்ட்டை எங்கும் தொட வேண்டியதில்லை. பெரியவர் துணையோடு பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை (நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகை), 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு எல்.இ.டி ஒன்று, அதன் ஒளியை உணரும் 38 கிலோஹெர்ட்ஸ் அகச்சிவப்பு ஏற்பி ஒன்று, வெள்ளை எல்.இ.டி மூன்று, சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி ஆகியவை போதும். பழுதான டிவி ரிமோட்டின் முனையில் அகச்சிவப்பு எல்.இ.டி இருக்கும், பழைய டிவிடி பிளேயரின் முன்பக்கப் பலகையில் பெரும்பாலும் ஏற்பி கிடைக்கும். புதிதாக வாங்கினால் ஏற்பியின் கால் வரிசையை அதன் தரவுத்தாளில் பார்த்துவிட்டே இணைக்க வேண்டும். முகப்பை நம் பக்கம் வைத்து இடமிருந்து வலமாகப் பார்த்தால், டி.எஸ்.ஓ.பி 1738 வகையில் தரை (பலகையில் GND), மின்னூட்டம் (5 வோல்ட் வரும் கால்), வெளியீடு என்றும், டி.எஸ்.ஓ.பி 38238 வகையில் வெளியீடு, தரை, மின்னூட்டம் என்றும் கால்கள் அமைந்திருக்கும். ஒன்றை மற்றொன்றாக எண்ணி மின்சாரம் கொடுத்தால் ஏற்பி கெட்டுவிடக்கூடும்.

இந்த ஏற்பி எல்லா அகச்சிவப்பு ஒளிக்கும் பதில் சொல்வதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும் ஒளியை மட்டுமே அது பொருட்படுத்துவதால், வெயிலும் சாதாரண விளக்கும் அதை எளிதில் ஏமாற்றுவதில்லை. ரிமோட்டுகளில் மலிவாகக் கிடைத்த 455 கிலோஹெர்ட்ஸ் அதிர்வியின் (சீரான துடிப்பைத் தரும் உறுப்பின்) எண்ணை 12-ஆல் வகுத்தால் இந்த எண் வருகிறது. ஆனால் ரிமோட்டுக்கென்று செய்யப்பட்ட ஏற்பி, இடைவிடாத துடிப்பை இரைச்சல் என்று கருதித் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒளியைத் தொடர்ந்து அனுப்பாமல், சிறு சிறு தொடர்களாக, இடைவெளி விட்டே அனுப்ப வேண்டும்.

இணைப்பு எளியது. ஊனோவின் 4-ஆம் பின்னிலிருந்து (பின் என்பது பலகையில் எண்ணிட்ட இணைப்புமுனை) 220 ஓம் மின்தடை வழியாக அகச்சிவப்பு எல்.இ.டி-யின் நீண்ட காலுக்கும், குறுகிய காலிலிருந்து தரைக்கும் கம்பி போகட்டும். அந்த எல்.இ.டி சுமார் 1.3 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால், மீதி 3.7 வோல்ட்டும் மின்தடையில் விழுந்து, ஏறக்குறைய 17 மில்லியாம்பியர் ஓடும். ஏற்பியின் வெளியீட்டை 7-ஆம் பின்னுக்குக் கொடுத்து, ஊனோவின் 5 வோல்ட் முனைக்கும் அதன் மின்னூட்டக் காலுக்கும் நடுவே 100 ஓம் மின்தடையையும், அக்காலுக்கும் தரைக்கும் இடையே 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் வையுங்கள். வெள்ளை எல்.இ.டி மூன்றையும் 8, 9, 10 பின்களில், ஒவ்வொன்றுக்கும் தனியாக 150 ஓம் மின்தடையோடு இணையுங்கள். மூன்றையும் ஒரே பின்னில் கட்டினால் அது தாங்காது.

ஊனோவில் ஏற்றும் நிரலில், டோன் (tone) கட்டளையால் 4-ஆம் பின்னை 38,000 ஹெர்ட்ஸில் துடிக்கவைத்து, சுமார் 600 மைக்ரோவினாடி கழித்து 7-ஆம் பின்னைப் படித்துவிட்டு, உடனே துடிப்பை நிறுத்தி 10 மில்லிவினாடி காத்திருந்து, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒளி வந்து சேர்ந்தால் ஏற்பியின் வெளியீடு தாழ்நிலைக்கு இறங்கும்; உயர்நிலையிலேயே நின்றால் கதிரை யாரோ மறைக்கிறார் என்று பொருள். தொடர்ந்து மூன்று முறை உயர்நிலை கிடைத்த பிறகே விளக்கை ஏற்றி, 30 வினாடி எரியவிடுங்கள்.

அகச்சிவப்பு எல்.இ.டி வேலை செய்கிறதா என்று கண்ணால் அறிய முடியாது. இருட்டில் கைபேசியின் முன்பக்கக் கேமரா வழியே பார்த்தால் மங்கிய ஊதாப் புள்ளி தெரியும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் அவற்றை நம்ப வேண்டாம்.

இனி வருவதுதான் பெரும்பாலோரைத் தடுமாற வைக்கும் இடம். விளக்கு எரியவில்லை என்றதும் ஒளி போதவில்லை என்று எண்ணி மின்தடையைக் குறைக்கிறார்கள். வீட்டுக்குள் சிக்கல் அநேகமாக நேர்மாறானது. ரிமோட்டைச் சுவரை நோக்கிப் பிடித்தாலும் டிவி அணைவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல, நேர்க்கதிரைக் கால் மறைத்தாலும், வெள்ளையடித்த சுவரிலும் படியின் ஓட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஏற்பியை அடைந்துவிடுகிறது. கதிர் அறுபடவே இல்லை என்று ஏற்பி சொல்லிக்கொண்டிருக்கும். எனவே 220 ஓமுக்குப் பதிலாக 1 கிலோஓம் போட்டு ஒளியைக் குறையுங்கள், எல்.இ.டி-க்கும் ஏற்பிக்கும் விரல் நீளத்தில் கறுப்புக் குழாய் ஒவ்வொன்று மாட்டுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் உதவாது, ஏனெனில் கண்ணுக்குக் கறுப்பாய்த் தோன்றும் சில பிளாஸ்டிக்குகள் அகச்சிவப்பைத் தாராளமாகக் கடத்தும். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய அலுமினியத் தாள் நம்பகமானது. பிறகு உள்ளங்கையால் நேர்க்கதிரை மறைத்து, விளக்கு எரியும் வரை மின்தடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கையை எடுத்ததும் கதிர் மீண்டும் பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் மின்தடையைச் சற்றுக் குறையுங்கள்.

பலகையையும் ஏற்பியையும் ஒரே பக்கச் சுவரில் வைத்து, எல்.இ.டி-க்கான இரட்டைக் கம்பியை மட்டும் எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோவது நல்லது. ஏற்பியின் கம்பி நீண்டால் இரைச்சல் ஏறும். கதிர், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முதற்படிக்கு நேராக ஓடட்டும். கியூர்பைப் போன்ற ஈரமான மேட்டுநிலத்திலும் உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்திலும் பிரெட்போர்டு (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகிச் சோதிக்கும் பலகை) இணைப்புகள் விரைவில் பச்சை பூக்கும் என்பதால், சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பற்றவைத்து மூடிய பெட்டியில் வையுங்கள்.

பவர் பேங்குகள் சில, மின்னோட்டம் மிகக் குறைந்தால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதித் தாமே அணைந்துவிடும். புயல் பருவம் தொடங்கும் முன்பே ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டு, விடியலில் விளக்கு இன்னும் பதில் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால், குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உள்ள பவர் பேங்கை வாங்குங்கள்.