கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் திடக்கழிவைப் பிரிப்பது எப்படி?

டிரை டாக்கில் (கப்பலை உள்ளே கொண்டுவந்து, நீரை வெளியேற்றிப் பழுதுபார்க்கும் தொட்டியில்) கலந்துவிட்ட கழிவைப் பிறகு பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே இப்பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்கள், கழிவு உண்டாகும் இடத்திலேயே அதைப் பிரிக்கப் பழக வேண்டும்.

படி 1: கப்பல் வருமுன்பே வேலைப்பட்டியலை வாங்கிப் படியுங்கள். எந்தத் தகடுகள் மாற்றப்படும், எவ்வளவு பரப்பில் பிளாஸ்டிங் (கடினத் துகள்களை வேகமாக வீசிப் பழைய பெயின்ட்டையும் துருவையும் உரிப்பது) நடக்கும் என்பதைக் கொண்டு கழிவின் வகையையும் அளவையும் கணிக்கலாம். பழைய கப்பலானால் கேஸ்கெட்டிலும் வெப்பக்காப்பிலும் கல்நார் உள்ளதா, பெயின்ட்டில் டிரைபியூட்டைல் டின் (கப்பலின் அடியில் கடலுயிரிகள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்பட்ட நச்சு) உள்ளதா என்று சோதித்துவிடுங்கள். 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை இந்த நச்சுப் பூச்சைத் தடை செய்தாலும், அதன்மேல் தடுப்புப் பூச்சு அடித்து மூடவும் இடம் கொடுத்ததால், அடியடுக்கில் அது இன்னும் தங்கியிருக்கக்கூடும்.

படி 2: அதிகக் கவனம் கேட்பது பிளாஸ்டிங் கழிவுதான். கீல் பிளாக்குகளின் (டாக்கில் கப்பலைத் தாங்கும் கட்டைகளின்) இடுக்குகளில் பெயின்ட் செதிலும் துருவும் கலந்து படிந்திருக்கும் பிளாஸ்டிங் துகள்களை, மழைக்கு முன்பும், டாக்கில் மீண்டும் நீர் நிரப்புவதற்கு முன்பும் முழுமையாகக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தவறினால் அதிலுள்ள செம்பும் பிற உலோகங்களும் நேரே கடலுக்குப் போய்ச் சேரும். திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரை மணலில் காணப்படும் கார்னெட் என்ற கடினமான கனிமத்தைப் பிளாஸ்டிங்குக்குப் பயன்படுத்தியிருந்தால், சலித்து, காந்தத்தால் இரும்பை நீக்கி, தூசியையும் அகற்றி மீண்டும் சிலமுறை பயன்படுத்தலாம். காப்பர் ஸ்லாக் (செம்பை உருக்கும்போது மிஞ்சும் கசடு) எளிதில் நொறுங்குவதால் பெரும்பாலும் ஒருமுறைதான் உதவும். விலை சற்றுக் கூடினாலும் கார்னெட்டையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அப்புறப்படுத்த வேண்டிய கழிவு வெகுவாகக் குறைகிறது. மிஞ்சியதைத் தார்ப்பாய் போட்டு மூடி, கன உலோகம் கசிகிறதா என ஆய்வகத்தில் சோதித்த பின்னரே அனுப்புங்கள்.

படி 3: எஃகுத் தகடு, துத்தநாக ஆனோடு (கப்பலின் எஃகு அரிக்காமலிருக்கத் தான் அரிபடும் உலோகத் துண்டு), வெண்கலம், செம்பு-நிக்கல் குழாய் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்தால் மறுசுழற்சியில் நல்ல விலை கிடைக்கும்.

படி 4: எண்ணெயில் ஊறிய காட்டன் வேஸ்ட் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது, அதை மூடியுள்ள இரும்பு டிரம்மில் மட்டுமே போடுங்கள். பெயின்ட் ஒட்டியுள்ள டப்பாக்களைக் காயலான் கடைக்குக் கொடுக்கக் கூடாது.

படி 5: 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் யார்டில் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு டிரம்மிலும் கழிவின் பெயரையும் சேமித்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகரிக்கப்பட்ட தளத்துக்கு அனுப்பும்போது, லாரியுடன் போகும் மேனிஃபெஸ்ட்டில் (கழிவை அனுப்பியதைப் பதியும் ஆவணத்தில்) பெற்றவரின் கையொப்பம் வந்து சேரும்வரை அக்கப்பலின் கோப்பை மூடாதீர்கள்.